தில்லிக் கோடையும் நம் குழந்தைகளும்



கோடை விடுமுறை என்றதும் வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம் மனத்தில் முதலில் தோன்றுவது வெயில் அன்று, ரயில் வண்டிதான். மே மாத நடுவில் பள்ளிக்கூடம் மூடும். மறுநாளே கூஜாவும் படுக்கைச் சுருளும் புளியோதரைப் பொட்டலமுமாகப் புறப்பட்டுவிடுவோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் நம் குழந்தைகளுக்கு வெறும் வண்டிகள் அல்ல. தாத்தா வீட்டுத் திண்ணை தில்லி நிலையம் வரை நீண்டு வந்து நிற்பது போன்ற ஓர் எண்ணத்தை அவை தந்தன. ஜூன் மாதக் கடைசியில் மாவடு ஜாடியோடும் கறுத்த முகங்களோடும் திரும்பி வருவோம். அது வரையில் தில்லிக் கோடை எப்படி இருக்கும் என்பதை நம்மில் பலர் அறிந்ததே இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ரயிலில் இடம் பதிவு செய்ய முன்பு 120 நாட்கள் இருந்தன. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகக் குறைந்தது. காலை 8 மணிக்குப் பதிவு திறந்தால், விடுமுறைக் காலத்து இடங்கள் காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. தாயும் தந்தையும் உத்தியோகம் பார்க்கும் வீடுகளில் இருவருக்கும் ஒருசேர விடுமுறை கிடைப்பது அரிது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஊரில் காத்திருப்பவர்கள் குறைந்து வருகிறார்கள். பூட்டிய வீடுகள் பெருகி வருகின்றன.

எங்கள் வீட்டிலும் சென்ற கோடையில் அதுதான் நேர்ந்தது. தஞ்சைப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பாட்டியார் எங்களோடு இருக்கத் தில்லிக்கு வந்துவிட்டார். ஆகவே நாங்கள் போவதற்கு ஊர் இருந்தது. இறங்குவதற்கு வீடு இல்லை. எட்டு வயதுப் பையன், “ஊருக்குப் போகாத லீவு ஒரு லீவா?” என்று நேராகவே கேட்டுவிட்டான். பன்னிரண்டு வயது மகள் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டியார் தமிழில் பேசினால் இந்தியில் விடை சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவாள். எங்களுக்கு அந்த மௌனந்தான் அதிகக் கவலையைத் தந்தது. ஆண்டுக்கு ஒரு முறை நாற்பது நாட்கள் ஊரில் இருந்ததால் அல்லவா அவர்கள் நாவில் தமிழ் தங்கியிருந்தது? அந்த நாற்பது நாட்களும் போய்விட்டால் என்ன ஆவது?

அந்தக் கோடையை எவ்வாறு கழித்தோம் என்பதை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தில்லி வெயிலைச் சிறிதாக எண்ணுதல் கூடாது. 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. பிற்பகலில் மேற்கிலிருந்து, ராஜஸ்தானத்து மணல்வெளியைக் கடந்து வரும் ‘லூ’ என்ற அனல்காற்று முகத்தில் அறையும். அந்தக் காலத்தில் அரசாங்கமே இந்த வெயிலுக்கு அஞ்சி ஓடிற்று. 1864 முதல் சிம்லாதான் இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகர்.

ஆனால் இந்த வெயிலுக்கு ஒரு நற்குணம் உண்டு; அது வறண்ட வெயில். சென்னையில் 38 பாகை என்றால் உடம்பெல்லாம் வியர்த்து ஒழுகும். கடற்காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை உலர வழியில்லை. தில்லியில் மே மாதத்துக் காற்று ஈரத்துக்கு ஏங்கி நிற்கிறது. ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது காய்ந்துவிடும். நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் அதனால்தான். சன்னலுக்கு வெளியே இரைந்துகொண்டிருக்கும் கூலர் பெட்டியின் தத்துவமும் அதுவே. மே மாதத்தில் அமிர்தம் போல் வீசும் அந்தக் கூலர், மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் ஜூலையில் பயனற்றுப் போவதும் அதே காரணத்தால்தான். முன்னாளில் கதவுகளில் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி நீர் தெளித்தார்கள். இன்றும் கூலருக்கு வெட்டிவேர் வைத்த தட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. நாங்கள் ஒன்று வாங்கிப் பொருத்தினோம். முதல் நாள் அந்த மணம் அறையில் பரவியதும் பாட்டியார், “கோயில் வாசனை வருகிறதே!” என்றார். ஏன் மணக்கிறது, ஏன் குளிர்கிறது என்று பையன் கேட்கத் தொடங்கினான். எங்கள் விடுமுறை உண்மையில் அன்றுதான் தொடங்கிற்று.

அடுத்து, நாளை மூன்றாகப் பகுத்துக்கொண்டோம். விடியற்காலை வெளியில், நண்பகல் நிழலில், அந்திப் பொழுது மொட்டைமாடியில். தில்லிக் கோடையில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

காலை ஐந்தரை மணிக்கே தில்லியில் பொழுது விடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் லோதி தோட்டத்துக்குப் போனால், இந்த நகரமா நண்பகலில் அப்படிக் கொதித்தது என்று தோன்றும். சையது, லோதி மன்னர்களின் கல்லறைகளுக்கு நடுவே அமைந்த தோட்டம் அது. 1936இல் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் திறக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் லோதி தோட்டமாயிற்று. குழந்தைகளுக்கு அரசர் வரலாற்றில் அவ்வளவு நாட்டமில்லை. குளத்தின் மேலுள்ள பழைய எட்டுத்தூண் பாலமும், அதன் அருகில் நடைபயிலும் வாத்துகளும் போதுமாயிருந்தன. ஹுமாயூன் சமாதிக்கு அடுத்தாற்போல், புதுப்பிக்கப்பட்டு 2018இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சுந்தர் நர்சரியும் அத்தகையதே. காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு.

இந்தக் காலை நடைகளில்தான் மரங்களோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. புது தில்லியை அமைத்தவர்கள் சாலைக்கு ஒரு மரமாக நட்டுவிட்டுப் போனார்கள். கர்தவ்ய பாதை என்று 2022இல் பெயர் மாறிய பழைய ராஜபாதையின் ஓரங்களில் நாவல், அக்பர் சாலையில் புளி, எங்கும் வேம்பு. ஒரு நாள் அம்ரிதா ஷேர்கில் சாலை வழியாக நடந்தபோது, சாலை முழுவதும் மஞ்சள் சரங்கள் தொங்கின. “அமல்தாஸ்” என்றாள் மகள். பாட்டியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது கொன்றையல்லவா! சிவபெருமான் சூடுகிற பூ” என்றார். மகளுக்கு வியப்பு. தான் நாள்தோறும் பள்ளி வண்டியிலிருந்து பார்க்கும் மரத்துக்கு, பாட்டி கதைகளில் வரும் பெயர் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அன்று மாலை அவளுக்கு ஒரு கதை சொன்னோம். சங்கப் புலவர்கள் கொன்றையைக் கார்காலத்தோடு சேர்த்துப் பாடினார்கள். மழைக்காலம் வந்ததும் திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வரவில்லை; கொன்றையோ பூத்துவிட்டது. கலங்கிய தலைவியிடம் தோழி, “இது கார்காலம் அன்று, இந்தக் கொன்றைதான் அறிவில்லாமல் முன்னதாகப் பூத்துவிட்டது” என்று தேற்றுகிறாளாம். குறுந்தொகையில் வரும் செய்தி இது. மகள் சிரித்தாள். “அப்படியானால் தில்லிக் கொன்றை எல்லாம் அறிவில்லாததுதானா?” என்று தமிழிலேயே கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதைவிட, அது தமிழில் வந்ததே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அது முதல் அவள் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கத்தில் இந்திப் பெயர். எதிர்ப் பக்கத்தில் பாட்டியார் சொல்லும் தமிழ்ப் பெயர். நீம் வேம்பாயிற்று, பீபல் அரசாயிற்று, அர்ஜுன் மருதாயிற்று, ஜாமுன் நாவலாயிற்று. ஒரு மரத்தின் தமிழ்ப் பெயர் தெரியாதபோது பாட்டியார், “எனக்குத் தெரியாதடி கண்ணே, உன் பெயரையே நானும் கற்றுக்கொள்கிறேன்” என்பார். கற்பிப்பது ஒரு பக்கமாக மட்டும் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் நான்கு பக்கங்களில் நின்றிருக்கும் என்றே நினைக்கிறோம்.

வெயிலைக் கொண்டே வெயிலைக் கற்கும் ஒரு விளையாட்டையும் சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நிறுத்தி, நண்பகலில் அதன் நிழலை அளந்தோம். தில்லியில் சூரியன் உச்சிக்கு வருவது மணி 12க்கு அன்று. ஜூனில் ஏறத்தாழ 12.20ஐ ஒட்டித்தான். இந்திய நேரம் நமக்குக் கிழக்கேயுள்ள தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால் இந்த வேறுபாடு. ஜூன் 21 அன்று ஆண்டிலேயே மிகக் குட்டையான நண்பகல் நிழல் விழுகிறது. அன்றும் அது 9 சென்டிமீட்டர் அளவு இருந்தது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் மறைந்துவிடும். தில்லியில் அது ஒருநாளும் நேராது. ஏனெனில் தில்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போபாலுக்கும் விதிஷாவுக்கும் இடையே அந்த ரேகையைத் தாண்டித்தான் வருகிறது. “அப்படியானால் நிழல் மறையாத ஊருக்கு நாம் வந்துவிட்டோம்” என்றான் பையன். அந்த நாளில் சென்னையில் பகற்பொழுது ஏறத்தாழ 13 மணி நேரம். தில்லியிலோ ஏறத்தாழ 14 மணி நேரம். விளையாட ஒரு மணி நேரம் கூடுதல் என்ற கணக்கு அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

இதன் தொடர்ச்சியாக ஒரு காலையில் ஜந்தர் மந்தருக்குச் சென்றோம். ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் 1724இல் எழுப்பிய வான்நோக்கிடம் அது. ஏறத்தாழ 70 அடி உயரமுள்ள சம்ராட் யந்திரம் வேறொன்றுமில்லை, மாபெரும் நிழற்கடிகாரந்தான். அதன் சாய்ந்த சுவர் பூமியின் அச்சுக்கு இணையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மாடியில் கோல் நட்டவனுக்கு அந்தச் சுவர் புரிந்தது. அதன் பக்கத்திலேயே, கன்னாட் பிளேசிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அக்ரசேன் பாவ்லி என்ற படிக்கிணறு இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியாக இறங்க இறங்க வெம்மை குறைவதைக் குழந்தைகள் தோலிலேயே உணரலாம். முன்னோர்கள் வெயிலை வெல்ல மின்சாரத்துக்குக் காத்திருக்கவில்லை என்பதை அந்தப் படிகள் நன்றாகச் சொல்கின்றன.

இனி நண்பகல். பதினொன்றிலிருந்து ஐந்து வரை குழந்தைகளை வெயிலில் விடுவதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு ஏற்ற கூரையுள்ள இடங்கள் தில்லியில் பல இருக்கின்றன. 2002 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ ரயில் குளிர்ந்த வழித்துணை. 90 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ள குழந்தைகளுக்குக் கட்டணமும் இல்லை. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் நிறுவிய பொம்மைக் காட்சிசாலை, பிரகதி மைதானத்தை அடுத்து 1992இல் திறக்கப்பட்ட தேசிய அறிவியல் மையம், தீன் மூர்த்தி வளாகத்தில் 1984இல் அமைந்த நேரு கோளரங்கம் ஆகியவை முற்பகலில் போய், வெயில் தாழ்ந்ததும் திரும்புவதற்கு ஏற்றவை. சாணக்கியபுரியில் 1977 முதல் இருந்துவரும் ரயில் காட்சிசாலையில் பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள வண்டியைப் பார்க்கலாம். வேண்டிய வண்டியில் இடம் கிடைக்காத எங்கள் பையன், அங்கே குட்டி ரயிலில் இரண்டு முறை சுற்றி வந்து தன் குறையைத் தீர்த்துக்கொண்டான். புறப்படுமுன் அவ்விடங்களின் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்வது நல்லது. ரயில் காட்சிசாலைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் நூலகத்தோடு இயங்குகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் படங்களோடு கூடிய தமிழ் நூல்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கட்டளையிடுவதைவிட, பகலுணவுக்குப் பின் பாட்டியாருக்கு ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும் என்று சொன்னது நல்ல பலன் தந்தது. பாட்டியாருக்குக் கண்ணில் புரை, படிக்க முடியாது. தன் படிப்பு ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்தபோது, மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் கூச்சத்தை விட்டுவிட்டாள்.

வீட்டிலேயே நடந்த பெரிய திருவிழா, வடாம் இட்டதுதான். விடியற்காலையில் அரிசிக்கூழ் கிளறி, உப்பும் பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து, மாடியில் பழைய வேட்டியை விரித்து, பாட்டியார் கரண்டியால் வார்க்க, குழந்தைகள் நாழியில் பிழிந்தார்கள். ஊரில் காக்கைக்குக் காவல் இருப்போம். இங்கே குரங்குக்கும் புறாவுக்கும் காவல் இருக்க வேண்டியிருந்தது. பாதி காய்ந்த வடாத்தைக் காவல்காரர்களே தின்றுவிடுவது மட்டும் எந்த ஊரிலும் மாறாத வழக்கம். ஊரில் இரண்டு மூன்று நாள் காய வேண்டிய வடாம் இங்கே ஒரே பகலில் சருகாகிவிட்டது. பாட்டியார் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு, “இந்த ஊர் வெயிலுக்கு இவ்வளவு சாமர்த்தியமா!” என்றார். தில்லியைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல சொல் அது.

மறுநாள் இட்ட வடாத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிற்பகல் நான்கு மணியளவில் மேற்கு வானம் மஞ்சளாயிற்று, பிறகு பழுப்பாயிற்று. “பாட்டி, ஆந்தி!” என்று கத்திக்கொண்டு இரண்டு குழந்தைகளும் மாடிக்கு ஓடினார்கள். வேட்டியின் நான்கு முனைகளையும் பிடிப்பதற்குள் புழுதிக்காற்று வந்து சேர்ந்தது. கண் திறக்க முடியவில்லை. வேட்டி தப்பியது, வடாம் தப்பவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு படலம் மண். பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். பாட்டியாரோ, “நாளைக்கு மறுபடி இட்டால் போகிறது. இந்த வெயில் எங்கே போய்விடப்போகிறது?” என்றார். காற்று ஓய்ந்து, நாலு துளி மழையும் விழுந்து, மாடி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் அடுத்த வீட்டாரும் மேலே வந்தார்கள். பஞ்சாபி அம்மையார் ஒருவர் மாங்காயைச் சுட்டுப் பிழிந்த பன்னா கொண்டுவந்தார். நாங்கள் பானகம் கொடுத்தோம். எது தாகத்தைத் தணிக்கும் என்று இரு மூதாட்டியரும் பொது மொழி ஏதுமின்றியே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகிழ்ச்சியைச் சொல்லும்போது எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் அது தாகத்தைச் சொல்லாது. ஆகவே கேட்காமலே அடிக்கடி நீரோ மோரோ கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் உடனடியான பானம் ஆயத்தம். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடங்கூடக் குழந்தையை விட்டுச் செல்லாதீர்கள். தலைவலி, வாந்தி, உடல் கொதிப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். வெயிலுக்குச் சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொள்வது இப்பக்கத்து வழக்கம். வைத்துக்கொள்வதில் தீங்கில்லை, ஆனால் தண்ணீர்க் குப்பியை மறந்துவிட வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் மாடியில் நீர் தெளித்துக் குளிரச் செய்வது இனிமையான வழக்கம். ஆனால் 2024 ஜூனில் இந்நகரம் எவ்வளவு கடுமையான தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் கண்டது என்பது நமக்கு நினைவிருக்கிறது. துணி அலசிய நீரையும், குடிநீர்க் கருவி கழித்துத் தள்ளும் நீரையும் வாளியில் சேர்த்துவைத்துத் தெளிக்கக் குழந்தைகளைப் பழக்கினோம். சேர்த்த வாளிகளை எண்ணுவதே அவர்களுக்கு ஒரு போட்டியாயிற்று.

இந்த நகரத்தின் கோடையில் எல்லாக் குழந்தைகளுக்கும் மாடியும் கூலரும் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வாய்க்காலின் கரையில் இருந்த மதராஸி கேம்ப் என்ற குடியிருப்பு நம்மவர் பலர் பல ஆண்டுகள் வாழ்ந்த இடம். நம் வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் உதவிய பெண்கள் அங்கிருந்து வந்தார்கள். உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அக்குடியிருப்பு 2025 ஜூன் 1 அன்று, கோடையின் நடுவில், இடிக்கப்பட்டது. சிலருக்குத் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது; எல்லாருக்கும் இல்லை. இதில் நியாய அநியாயங்களை விவாதிப்பது இப்பேச்சின் நோக்கம் அன்று. ஆயினும், விடுமுறையை எப்படி இன்பமாகக் கழிக்கலாம் என்று நாம் திட்டமிடும் அதே நாட்களில், நிழலைத் தேடும் குழந்தைகளும் நம் மொழி பேசுகிறவர்கள் என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டும். வாயிலில் ஒரு மண்பானையும் குவளையும் வைப்பது பெரிய காரியம் அன்று. நூலகத்துக்குப் போகும்போது, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்வதும் பெரிய காரியம் அன்று. எங்கள் மகளின் கதை வாசிப்புக்குப் பிறகு அப்படி ஒரு சிறுமியும் வரத் தொடங்கினாள். அவள் எங்கள் மகளைவிட நன்றாகத் தமிழ் பேசினாள். எங்கள் மகள் அவளுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். யார் யாருக்கு உதவி செய்தார்கள் என்று சொல்வது கடினம்.

அந்திப் பொழுதுகளில் சில நாட்கள் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போவோம். 1973இல் குடமுழுக்குக் கண்ட அந்த உத்தர சுவாமிமலையில், குன்றின் மேல் காற்று சற்றுத் தாராளமாகவே வீசும். பாட்டியார் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். பெரியவர்கள் ஊர்க்கதை பேச, குழந்தைகள் படிகளில் ஏறி இறங்குவார்கள்.

தில்லியையே மிகுதியாகச் சொல்லிவிட்டோம். மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் தங்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். மும்பைக்குக் கடற்கரை உண்டு; கல்கத்தாவுக்கு மாலையில் இடியோடு வரும் கால்பைசாகி மழை உண்டு. மரங்கள் வேறு, பழங்கள் வேறு. ஆனால் முறை ஒன்றே. அந்த ஊர் வெயிலின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள். விடியலையும் அந்தியையும் பயன்படுத்துங்கள். காணும் பொருளுக்கெல்லாம் நம் சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். அண்டை அயலாரின் சொல்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் இலக்கணம் வேனிற்காலத்தையும் நண்பகலையும் பாலைத்திணைக்கு உரியவை என்று வகுத்தது. அத்திணையின் பொருள் பிரிவு. பொருள் தேடி ஊரைவிட்டுச் சென்றவர்களின் கதை. நாமும் ஒரு வகையில் பாலை வழியே வந்தவர்கள்தாம். நமக்குத் தில்லி வந்து சேர்ந்த ஊர்; நம் குழந்தைகளுக்கோ பிறந்த ஊர். இந்த வேறுபாட்டை அந்தக் கோடைதான் எங்களுக்கு உணர்த்திற்று.

ஜூன் மாதக் கடைசியில் முதல் மழை பெய்தது. சாலையோரங்களில் நாவற்பழம் உதிரத் தொடங்கிற்று. கறுப்பு உப்புத் தூவிக் கூறு கட்டி விற்றார்கள். தரையில் விழுந்த பழத்தை எடுத்துப் பையன் ஊத, பாட்டியார் ஔவையாரின் சுட்ட பழக் கதையைச் சொன்னார். அன்றிரவு அவன் ஊரிலிருக்கும் அத்தை மகனுக்கு ஒரு தபால் அட்டை எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன, நாங்கள் திருத்தவில்லை. வடாம் புழுதியில் போனதையும், நிழல் மறையாததையும், நாக்கு ஊதா நிறமானதையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், “அடுத்த லீவுக்கு நீ எங்கள் ஊருக்கு வா” என்று முடித்திருந்தான்.

“எங்கள் ஊர்” என்ற அந்த இரண்டு சொற்களைப் படித்தபோது மனத்தில் சுருக்கென்று ஏதோ தைத்தது உண்மை. ஆனால் அவை தமிழில் எழுதப்பட்டிருந்தன. பாட்டியார் அட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “நன்றாகத்தானே எழுதியிருக்கிறான், விலாசத்தை மட்டும் சரிபார்த்துத் தபாலில் சேர்த்துவிடு” என்றார். மறுநாள் காலை நடைக்குப் போகும்போது தபாலில் சேர்த்தோம்.